முதலில் வாசலைப் பாருங்கள்

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் துளிர்க்கும் பருவத்தில் எல்லோருக்கும் தேனீ வளர்க்கும் ஆசை வந்துவிடும். இங்கே தேன் பெரும்பாலும் பூவிலிருந்து அல்ல, இளம் ரப்பர் இலைக்காம்பின் சுரப்பிகளிலிருந்து வருகிறது. எங்கள் சங்கத்தில் புதியவர் ஒவ்வொருவரையும் பழைய ஆள் ஒருவரிடம் ஒப்படைப்போம். என்னிடம் வருபவர்களை முதலில் பெட்டியைத் திறக்கவே விடமாட்டேன். வாசலருகே உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். பின்காலில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் நுழைந்தால், உள்ளே புழு வளர்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

பிறகுதான் பெட்டிக்குள் அடையைத் தாங்கும் மரச்சட்டத்தைத் தூக்கும் பாடம். வெயில் முதுகில் படும்படி நின்று சட்டத்தைச் சற்றே சாய்த்தால், அறையின் அடியில் அரிசிக் குருணைபோல் முட்டை தெரியும். ராணி இருக்கிறது என்று தெரிய அது போதும், அதைத் தேடி ஒவ்வொரு அடையாகப் புரட்ட வேண்டாம். அந்தக் குடைச்சல் தேனீக்கு அறவே பிடிக்காது.

தேன் எடுக்க யார் வேண்டுமானாலும் சொல்லித்தருவார்கள். ஆடி மழையில் சர்க்கரைப் பாகு வைப்பதும், எறும்பு ஏறாதிருக்கப் பெட்டிக் காலடியில் தண்ணீர் வற்றாமல் பார்ப்பதும்தான் பலருக்குச் சலிப்பு. 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் இந்த மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகக் காலிசெய்த கதையை அப்போதுதான் எடுப்பேன். புழு நிறம் மாறி நீர்கோத்து வீங்கியிருந்தால் உடனே கூப்பிடுங்கள், இரவானாலும் பரவாயில்லை.