டெட்ராய்ட் டிராஃப்டும் ஒரு பள்ளிப் பையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்எஃப்எல் டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் விழா, பார்க்கப் போகிறவர்கள் பள்ளிப் பையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும்தான் விடுவார்கள். செயலியில் பெயர் பதிந்தபோது விதிமுறைகள் என்று நீளமாக ஒரு பக்கம் வந்தது. யார் படிக்கிறார்கள்? கீழே இழுத்து, சரி என்று தட்டிவிட்டேன். அனுமதி இலவசம், கியூஆர் குறியீடு கைக்கு வந்துவிட்டது, வேறென்ன வேண்டும் என்ற நினைப்பு.

2024 ஏப்ரல் 25, வியாழக்கிழமை. டிராஃப்ட் டெட்ராய்டுக்கு வந்தது அதுதான் முதல் முறை. நாங்கள் இருப்பது நோவையில், முக்கால் மணி நேரம்கூட ஆகாது. மகனுக்குப் பன்னிரண்டு வயது, டெட்ராய்ட் அணியான லயன்ஸ் மேல் பைத்தியம். ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவோடு நடந்த அரையிறுதியில் பாதி ஆட்டத்தில் 24-7 என்று முன்னால் இருந்துவிட்டு 34-31 என்று தோற்றார்களே, அன்று இரவு சாப்பிடாமல் படுத்தவன். அதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: "நமக்குக் கார்னர்பேக் வேணும்பா." எதிரணியில் பந்து பிடிக்க ஓடுகிறவர்களைத் தடுப்பவர்தான் கார்னர்பேக்.

பள்ளி விட்டதும் அவனை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. பையில் பள்ளிக்கூடம் கொடுத்த மடிக்கணினி இருந்தது. அதற்கு மேல் அவன் அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை டப்பா.

முன்கூட்டியே பணம் கட்டி வைத்திருந்த வாகன நிறுத்தத்துக்குப் போகிற தெருவை அடைத்திருந்தார்கள். செயலி அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சுற்றிச் சுற்றி, கடைசியில் கார்க்டவுன் பக்கம் ஒரு காலி மனையில் 60 டாலர் அழுதுவிட்டு, மிச்சிகன் அவென்யூ வழியாக அரை மணி நேரம் நடந்தோம். கட்டிய பணம் இன்று வரை திரும்பி வரவில்லை.

வாசலில் வரிசை வேகமாகத்தான் நகர்ந்தது. எங்கள் முறை வந்ததும் காவலுக்கு நின்றவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது உள்ளே வராது சார். குப்பைத் தொட்டி அங்கே இருக்கிறது, இல்லையென்றால் வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள்." பள்ளிக்கூடத்து மடிக்கணினியைக் குப்பையிலா போடுவது? பையை எங்காவது ஒப்படைத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

மறுபடி அரை மணி நேரம் நடந்து வண்டிக்குப் போய், புளியோதரையை நின்றபடியே தின்று முடித்து, திரும்ப அரை மணி நேரம் நடந்து வந்தோம். அதற்குள் வாசலை மூடிவிட்டார்கள். உள்ளே இடம் இல்லையாம். அன்று ஒரு நாளில் மட்டும் 2,75,000 பேருக்கு மேல் வந்ததாக அப்புறம் அறிவித்தார்கள். அதில் எங்களையும் எண்ணியிருப்பார்களோ என்னவோ.

மேடையில் எமினெம் வந்ததும், லயன்ஸின் பழைய நட்சத்திரங்கள் பேரி சாண்டர்ஸும் கால்வின் ஜான்சனும் நின்றதும் எங்களுக்கு வெறும் இரைச்சலாகத்தான் வந்து சேர்ந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, கைபேசியில் நேரலை பார்த்தோம். எங்களைப் போல வெளியே மாட்டிக்கொண்டவர்கள் ஏழெட்டுப் பேர் அதே படிக்கட்டில். முதல் தேர்வு சிகாகோ பேர்ஸுக்கு, கேலப் வில்லியம்ஸ். அதில் என்ன அதிசயம், உலகத்துக்கே தெரிந்ததுதான். கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் தேர்வு, ஆனால் சிகாகோ ஒன்றும் முந்தைய பருவத்தின் கடைசி அணி இல்லை. 2 வெற்றி, 15 தோல்வி என்று ஆடிக் கடைசியில் கிடந்தது கரோலினா. ஆனால் அவர்கள் முந்தைய ஆண்டே பிரைஸ் யங் என்ற ஆட்டக்காரரை எடுப்பதற்காக அந்த இடத்தைச் சிகாகோவிடம் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், முதல் 14 தேர்வும் தாக்கும் பக்கத்து ஆட்டக்காரர்கள். அப்படி இதற்கு முன் நடந்ததே இல்லை. முதல் 12 இடத்துக்குள் ஆறு குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்கள். தடுப்பாட்டக்காரர்களை யாரும் தொடவில்லை என்றால் நல்ல கார்னர்பேக் நம் கைவரை வருவான் என்று மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது முதல் சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் 10 நிமிடம் கொடுத்தார்கள். ஏப்ரல் மாதத்து டெட்ராய்ட் குளிரில் கல் படியில் உட்கார்ந்து பாருங்கள், அந்த 10 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். மகனின் ஸ்வெட்டர் எங்கே? பையில். பை எங்கே? கார்க்டவுனில்.

எங்கள் இடம் 29. கைபேசி 9 சதவீதத்துக்கு வந்துவிட்டது. இருபத்து மூன்றாவது தேர்வு முடிந்ததும், கிளம்பலாம், மிச்சத்தை வண்டியில் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம். தெரு முழுக்க அதிர்ந்தது. கைபேசியில் ஒன்றும் இல்லை, யாரோ இரண்டு பேர் உட்கார்ந்து அலசிக்கொண்டிருந்தார்கள். நேரலை அரை நிமிடம் பின்தங்கி ஓடுகிறது! "நம்மதுதான்பா, நம்மதுதான்" என்று மகன் குதிக்கிறான், படிக்கட்டில் இருந்த அத்தனை பேரும் என் சின்னத் திரைமேல் கவிழ்ந்தார்கள். அப்புறம்தான் வந்தது: டல்லாஸிடமிருந்து 24ஆம் இடம் லயன்ஸுக்கு. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது சத்தம், முன்னதைவிடப் பெரிது. இந்த முறை யாரும் திரைக்காகக் காத்திருக்கவில்லை, முதலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டோம். டெரியன் ஆர்னல்ட், அலபாமா. கார்னர்பேக்.

திரும்பி நடக்கும்போது கணக்குப் போட்டேன். 24ஐ வாங்க 29ஐயும் மூன்றாம் சுற்றில் 73ஐயும் கொடுத்திருக்கிறார்கள். ஜிம்மி ஜான்சன் டல்லாஸில் பயிற்சியாளராக இருந்த காலத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் மதிப்புப் போட்ட புள்ளிப் பட்டியல்படி 24க்கு 740 புள்ளி. நாம் கொடுத்தது 640, 225, ஆக 865. அடுத்த ஆண்டின் ஏழாம் சுற்றுத் தேர்வு ஒன்று சேர்ந்து வந்தது, அதற்கெல்லாம் சில்லறை மதிப்புதான். டல்லாஸின் பட்டியலை வைத்தே டல்லாஸிடம் ஏமாந்தோம் என்றேன். மகன் காதிலேயே வாங்கவில்லை.

73 போனதால் வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஒரே ஒரு தேர்வு, 61ஆவது. அதிலும் கார்னர்பேக், மிசூரியின் எனிஸ் ரேக்ஸ்ட்ரா. வீட்டில் போர்வைக்குள்ளிருந்து பார்த்தோம்.

சனிக்கிழமை விட்டதைப் பிடித்தோம். அன்று நண்பகலில் தொடங்கும். நீங்கள் போவதானால் என் யோசனை சனிக்கிழமைதான். பெரிய பெயர்கள் இருக்காது, ஆனால் நான்கு முதல் ஏழு வரை சுற்றுகள், நேரமும் 5 நிமிடம், கடைசிச் சுற்றில் 4 நிமிடம் என்று குறைந்துவிடும், விறுவிறுவென்று ஓடும். காலை பத்து மணிக்கு முன்பே வாசலில் நின்றோம். கையில் எதுவுமே இல்லை. ஸ்வெட்டரை மகன் மேலேயே போட்டிருந்தான், சட்டைப் பையில் சார்ஜர். கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்தும் வைத்திருந்தேன். இரண்டு நிமிடத்தில் உள்ளே. வியாழனன்று இருந்த காவலர் இல்லை, இருந்திருந்தால் இரண்டு கையையும் விரித்துக் காட்டியிருப்பேன்.

கேம்பஸ் மார்ஷியஸ் சதுக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஆற்றங்கரைக்கு, ஹார்ட் பிளாசாவுக்கு நடந்தோம். அங்கே இருந்தபோதுதான் 126ஆவது தேர்வு. அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்றைக் கொடுத்து வாங்கிய இடம். பெயர்: ஜியோவானி மனு. சுற்றி நின்ற லயன்ஸ் சட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருநூறு பெயர் மனப்பாடம் என்று பீற்றிக்கொண்டிருந்த மகனும் விழித்தான். பிறகு கைபேசியில் தேடிப் படித்தான்: டோங்காவில் பிறந்தவன், ஆறடி ஏழு அங்குலத்துக்கு மேல் உயரம், படித்தது பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம்.

"அப்பா, கனடா காலேஜிலிருந்துகூட எடுப்பாங்களா?"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிகிற வின்ட்சரைக் காட்டி, அதுவும் கனடாதான் என்றேன். வான்கூவர் அங்கிருந்து இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் என்று திருத்தினான்.