அப்பாவின் பென்ஷனும் தம்பியின் பிடித்தமும்

தீயணைப்பு நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் அப்பா. நேற்று, பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை வருஷா வருஷம் நேரில் போய்க் காட்டும் நேர்காணலுக்குப் போகப் பென்ஷன் புத்தகத்தைத் தேடினார். எங்கள் காரைக்குடி வீட்டில் ஒரு பொருள் தொலைந்தால் அவ்வளவுதான், அத்தனை அறை! தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978இன்படி கடைசிச் சம்பளத்தில் பாதி மாதாமாதம் அவருக்கு என்று கணக்கிட்டார்கள். அவருக்குப் பின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம்.

தம்பிக்கும் அதே காக்கி, அதே ஏணிதான். ஆனால் 1.4.2003க்குப் பிறகு சேர்ந்தவன். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டிலும் 10 சதவீதம் பிடித்தார்கள். அரசும் அதே அளவு போட்டது; ஆனால் அந்தத் திட்டத்தில் பழைய மாதிரி பென்ஷன் இருக்கவில்லை.

“நெருப்பு, சேர்ந்த தேதி கேட்டாப்பா சுடுது?” என்றான் தம்பி.

அப்பா கண்ணாடியைத் துடைத்தபடி, “சரி, முதல்ல என் புத்தகத்தைத் தேடிக் குடுடா” என்றார்.