ஒன்றேகால் மணி உச்சி வெயில்

போன பங்குனியில் ஒரு நாள் மாலை நாலரைக்கு வேலை முடிந்து வந்தால், அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி "பெரட்டுக்கு நேரமாச்சு, வாளி எங்க?" என்று கேட்டார். பெரட்டு என்பது தோட்டத்தில் விடியுமுன் வேலைக்கு ஆள் கூப்பிடுவது. அவர் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டுவதை நிறுத்தி இருபது வருடமாகிறது. தொட்டேன், உடம்பு கொதித்தது. காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "யோசிக்காதே தங்கச்சி, தண்ணிய ஊத்து" என்று கத்தினார். அவசர எண் 999-க்குப் போன் போட்டுவிட்டு, தரையில் படுக்க வைத்து ஈரத் துணியைப் போர்த்தி, மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே விசிறினோம். குடிக்கக் கொடுக்கப் போனேன், போனில் பேசியவர் தடுத்துவிட்டார். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறிவிடுமாம்.

அம்மா பிழைத்துக்கொண்டார். வெயிலில் வெறும் களைப்பு என்றால் பேச்சு தெளிவாக இருக்கும், பேச்சு குழறினால் அது ஹீட் ஸ்ட்ரோக், உடனே உடம்பைக் குளிர வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடும் மாத்திரை சிறுநீரை அதிகம் போக வைக்கிற வகை, அதுவும் ஒரு காரணம். நாமாக நிறுத்தக் கூடாது, வெயில் காலம் வரும்போது டாக்டரிடம் கேட்க வேண்டும்.

எனக்கு ஆறாதது ஒன்றுதான். தோட்டத்தில் அத்தனை வருடம் உழைத்தவர் வீட்டுக்குள் உட்கார்ந்த இடத்தில் விழுந்தார். விடியுமுன் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே மரம் வெட்டப் போவார்கள், வெயில் ஏறும்போது வெட்டு முடிந்திருக்கும், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் மாமரம் இருந்தது. இப்போது மலேசியாவில் கெடா மாநிலத்து பீடோங் பக்கம் எங்கள் மலிவு விலை வீட்டில் வாசல் முழுக்க சிமெண்ட், திருட்டுக்குப் பயந்து ஜன்னலும் சாத்தியே கிடக்கும். பகலெல்லாம் செங்கல் சுவர் குடித்த சூட்டை இரவு பதினோரு மணிக்கும் கக்குகிறது. காற்றில் ஈரம் வேறு, வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்?

வானிலை இலாகா 35 டிகிரிக்கு மேல் மூன்று நாள் தொடர்ந்தால் முதல் நிலை எச்சரிக்கை விடுகிறது. 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது, 2016 ஏப்ரலில் கெடா, பெர்லிஸ் பள்ளிகளையே மூடினார்கள். ஆனால் அந்த அளவு வெளியே நிழலில் எடுப்பது. தகரக் கூரைக்குக் கீழே கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் கிழவிக்கு என்ன டிகிரி என்று யார் பார்க்கிறார்கள்?

இன்னொன்று, பெரியவர்கள் பன்னிரண்டு மணியைத்தான் உச்சி என்கிறார்கள். 1982-ல் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதால் எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வர ஒன்றேகால் தாண்டிவிடும். ஏப்ரல் முதல் வாரத்தில் நேர் தலைக்கு மேல் நிற்கும். சூடு அதற்குப் பிறகும் ஏறும், மூன்று நான்கு மணிதான் மோசம். அதனால் அம்மாவின் சமையல், துணி எல்லாம் இப்போது காலை பத்துக்குள். மதியம் நீராகாரமும் சின்ன வெங்காயமும். ஏர்கோன் முன் அறையில் ஒன்றுதான், பில் ஏறினாலும் மதியம் போட்டே ஆக வேண்டும் என்று சண்டை போட்டு ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன்.

அப்புறம், பின் வரிசையில் தனியாக இருக்கும் பாட்டிக்கு தினமும் மூன்றரைக்குப் போன் செய்கிறேன். என்ன சாப்பிட்டீங்க என்று கேட்பேன். பதில் எப்படி வருகிறது என்பதைத்தான் கவனிப்பேன். நேற்று கருவாட்டுக் குழம்பு, உப்பு கூடிவிட்டதாம், பத்து நிமிடம் விடவில்லை.