பில் பாஸ் ஆகும் வரை

ஏற்றத்தாழ்வைக் குறைப்பதில் தொழில் நிறுவனங்களின் பங்கு என்றதும், பள்ளிக்குக் கட்டிக்கொடுத்த கழிப்பறையும் நட்டுவைத்த மரக்கன்றுகளும்தான் பேச்சில் வருகின்றன. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். நல்லதுதான். ஆனால் கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்த எனக்கு, செய்து வாங்கிய வேலைக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறோம் என்பதே அந்த 2 சதவீதத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

பம்புக்கான ஷாஃப்டைக் கடைந்து தருபவர் பெரும்பாலும் வீட்டை ஒட்டிய ஷெட்டில் இரண்டு லேத்தும் மூன்று ஆட்களும் வைத்திருப்பவர். ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும்; ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், நாங்கள் பணம் கொடுத்தோமா என்று பார்க்காமல் பில் போட்ட கணக்குப்படி வரி கட்டியாக வேண்டும். எங்கள் பக்கத்திலோ ஸ்டோர்ஸ் முத்திரை, தரப் பரிசோதனைக் கையெழுத்து, கொள்முதல் மேலாளரின் ஒப்புதல் என்று பில் மேசை மேசையாக நகரும். "பில் பாஸ் ஆயிடுச்சுங்களா சார்?" என்று வெள்ளிக்கிழமை மாலை வந்து நிற்பவருக்கு, ஒரு கையெழுத்து குறைந்தாலும் அடுத்த வாரம்தான். அந்த வாரத்தை அடகுக்கடையோ வார வட்டியோ பார்த்துக்கொள்ளும். வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும் நிறுவனம், அதிக வட்டிக்கு வாங்குபவரின் பணத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள்.

குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. அடுத்த ஆர்டர் தரப்போகிறவரிடம் வட்டி கேட்கும் துணிச்சல் யாருக்கு வரும்? கெடு தாண்டிய பாக்கியை, அது கொடுக்கப்படும் ஆண்டில்தான் வாங்கிய நிறுவனம் தன் வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம் என்று 2023-இல் வருமான வரிச் சட்டத்தைத் திருத்திய பிறகே, ஆடிட்டர்கள் மார்ச் மாதத்தில் நிலுவைப் பட்டியலைக் கேட்கத் தொடங்கினார்கள். இந்தக் கெடுவிலிருந்து தப்பிக்க, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்யும் உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வரும்படி சிறியவர்களிடமே சொன்ன வாங்குநர்களும் உண்டு.

எங்கள் நிர்வாகம் சிறு பட்டறைகளின் பில்களைத் தனியாகப் பிரித்து 30 நாளில் கொடுக்க முடிவு செய்தபோது, பணம் வரும் தேதி உறுதியானதால் பட்டறைக்காரர்கள் சிலர் தாங்களாகவே எங்களிடம் வாங்கும் கூலியைச் சற்றுக் குறைத்துக்கொண்டார்கள். கொள்முதல் பிரிவு அதைத் தன் பேரத் திறமை என்று அறிக்கையில் எழுதிக்கொண்டது.