பக்கவாட்டுத் தோட்டப் பாதை: வாட்டம் பிடித்துவிட்டது

நேற்று விடியற்காலை சுமத்ரா காற்றோடு வந்த மழை நின்றதும் குடையோடு போய்ப் பார்த்தேன். நானே புதிதாகக் கல் பதித்த பாதையில் எங்கும் தண்ணீர் தேங்கவில்லை. பெய்ததெல்லாம் கல் மேல் வழிந்து முன்பக்க லோங்காங்கில் (வடிகாலில்) இறங்கிவிட்டது. முன்பு டைல்ஸ் இருந்தபோது இதே இடத்தில் மறுநாள் மாலைவரை தண்ணீர் நிற்கும். வீட்டை வாங்குவதற்கு முன்பே யாரோ ஒரு கட்டுமான ஒப்பந்தக்காரர் போட்டுவிட்டுப் போன வேலை அது. பார்க்க அழகு, ஆனால் வாட்டமே, அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவே, கிடையாது. ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணய அளவு தண்ணீர் போதும், முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். அப்படிப்பட்ட ஊரில் வாட்டமில்லாமல் தளம் போடுவதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

முதலில் கல். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஏறக்குறைய 170 நாள் மழை நாள். அதனால் ஈரத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் எந்தக் கல்லையும் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. சுங்கை காடுட் பக்கம் கல் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவேன். கல் மேல் ஊற்றிவிட்டு, தேய்ந்த ரப்பர் செருப்போடு ஏறி நின்று பார்ப்பேன். பாலிஷ் போட்ட எதுவும் அங்கேயே கழிந்துவிடும். ஜாவாவிலிருந்து வரும் சுக்கபூமி பச்சைக்கல்லின் நிறத்துக்கு நான் அடிமை. ஆனால் அது தண்ணீர் குடிக்கிற கல். நம் பாதை வெயிலே படாத பக்கம், பாசி உள்ளேயே இறங்கிவிடும். வெயில் விழும் நீச்சல் குளத்து ஓரம் என்றால் யோசிக்காமல் வாங்கியிருப்பேன். வெள்ளைக் கூழாங்கல் சில மாதத்தில் பச்சை பூக்கும், பக்கத்து வீட்டு மாமரத்தின் சருகும் பூவும் இடுக்கில் போனால் எடுக்கவே முடியாது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த கம்போசிட் பலகை வெயிலில் காலைச் சுடுகிறது, நிழலில் வழுக்குகிறது.

கடைசியில் எடுத்தது ஜி654 என்று விற்கும் கருஞ்சாம்பல் கருங்கல், ஃபிளேம் செய்தது. தீயைப் பாய்ச்சி மேல்பரப்பைச் சிதற வைப்பதால் சொரசொரப்பு வந்துவிடும், ஈரத்திலும் கால் பிடிக்கும். 600க்கு 300, தடிமன் 50 மில்லிமீட்டர். ஒரு கல் 24 கிலோ வரும். லாரிக்காரர் வாசல் கேட்டோடு இறக்கிவிட்டுப் போய்விடுவார், உள்ளே கொண்டு போவது நம் முதுகு. கல் விலை பேசும்போதே இறக்குகூலியையும் பேசிவிடுங்கள்.

நம்மூர்க் கருங்கல் கிடைக்காதா என்றும் விசாரித்தேன். புலாவ் உபின் தீவின் கல்லில் கட்டிய ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கம் 1851இலிருந்து நடுக்கடலில் நிற்கிறது. அந்தக் கல்லில் ஒரு படியாவது வைக்க ஆசை. உபினில் கல் உடைப்பது 1999இலேயே முடிந்துவிட்டது. எங்காவது பழைய வீடு இடிக்கும்போது கிடைத்தால்தான் உண்டு. யாருக்காவது தகவல் தெரிந்தால் சொல்லுங்கள், நான் வந்து தூக்கிக்கொள்கிறேன்.

சரி, வாட்டத்துக்கு வருகிறேன். பாதை 4 மீட்டர் நீளம். மீட்டருக்கு 1.5 சென்டிமீட்டர் என்று வைத்து, ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 6 சென்டிமீட்டர் இறக்கம் கொடுத்தேன். வழவழப்பான டைல்ஸுக்கு இதைவிடக் குறைவாகக்கூட விடலாம். சொரசொரப்பான கல் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்பதால் அதற்குக் கூடுதல் வேண்டும்.

இந்த 6 சென்டிமீட்டரை எங்கே கொடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நிறைய வீடியோக்களில் அடித்தளத்தை மட்டமாகப் போட்டுவிட்டு, மேல் மணலை ஒரு பக்கம் ஏற்றி இன்னொரு பக்கம் இறக்கி வாட்டம் பிடிக்கிறார்கள். முதல் நாள் அருமையாக இருக்கும். மணல் தடிமனாக உள்ள பக்கம் அதிகமாக அமுங்கும், மெல்லியதாக உள்ள பக்கம் அப்படியே நிற்கும், கொடுத்த வாட்டம் குழியாக மாறிவிடும். அறந்தாங்கியில் இருக்கும் என் பெரியப்பா நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். பாதைக்குத் தோண்டிய குழியை வீடியோ அழைப்பில் காட்டியதும் அவர் முதலில் சொன்னது: "மணலு சும்மா மெத்தைடா தம்பி, அதுல வாட்டம் புடிக்காத. அடியிலயே புடிச்சிட்டு வா."

அப்படியே செய்தேன். தோண்டிய மண்ணின் தரையிலேயே 6 சென்டிமீட்டர் இறக்கம். அதன் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி. நம் களிமண் மழைக்குக் குழைந்து மேலே ஏறிச் சல்லியோடு கலக்காமல் இருக்க இது கட்டாயம், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அப்புறம் கிரஷர் ரன் (சல்லியும் கல்தூளும் கலந்தது), மொத்தம் 10 சென்டிமீட்டர், இரண்டு அடுக்காக. ஒரே தடவையில் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்தால் மேல் பாதிதான் இறுகும். ஈரமும் முக்கியம். புட்டு மாவுப் பதம்: கையில் பிடித்தால் நிற்கணும், விரலால் தட்டினால் உடையணும். மழைக்காலத்தில் இந்தப் பதம் தானாகக் கிடைக்காது, குவியலைத் தார்பாய் போட்டு மூடி வைத்தால்தான் உண்டு.

ஒவ்வொரு அடுக்குக்கும் நூல் கட்டிச் சரிபார்த்தேன். லேசர் மட்டம் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரிவதில்லை. பெரியப்பா சொன்ன ட்யூப் லெவல்தான் கைகொடுத்தது: ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், நடுவில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. இரண்டு முனையிலும் முளை அடித்து நீர்மட்டத்தைக் குறித்து, லோங்காங் பக்க முளையில் அந்தக் குறிக்கு 6 சென்டிமீட்டர் கீழே நூலைக் கட்டினால் முடிந்தது. சில வெள்ளிதான் செலவு, பேட்டரி வேண்டாம்.

இதற்கு மேல் கழுவிய பருமணல், எல்லா இடத்திலும் ஒரே 3 சென்டிமீட்டர். இரண்டு குழாயைத் தண்டவாளமாக வைத்து மட்டக்கட்டையால் இழுத்தேன். பூச்சு மணலை இதற்குப் போடவே கூடாது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கல்லை ஆட வைக்கும். 50 மில்லிமீட்டர் என்று விற்கும் கல்லில் 47ம் வரும், 53ம் வரும். பதிப்பதற்கு முன்பே அளந்து தடிமன் வாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டால் ரப்பர் சுத்தியோடு போராடத் தேவையில்லை. ஓரங்களில் சாய்வாகக் கான்கிரீட் அணை கட்டாயம், இல்லாவிட்டால் கடைசிக் கற்கள் மெல்ல வெளியே நகர்ந்துவிடும்.

இடுக்குக்குப் பாலிமர் மணலை (தண்ணீர் தெளித்தால் இறுகும் பசை கலந்த மணல்) எல்லாரும் சிபாரிசு செய்கிறார்கள். போடும்போது கல் முழுக்கக் காய்ந்திருக்கணும், போட்ட பிறகும் மழை படாமல் இறுக நேரம் வேண்டும். நவம்பர், டிசம்பரில் இங்கே அப்படி ஒரு நாளை யார் உத்தரவாதம் தருவது? நான் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு 3 முதல் 5 மில்லிமீட்டர் கருங்கல் சில்லு நிரப்பினேன். கல் மேல் ஓடுவது போக மீதி இடுக்கு வழியாகக் கீழே இறங்குகிறது.

பாதை ஓரத்துக்குப் புல் பார்க்கிறேன். ஸொய்சியா முழு வெயில் கேட்கும், இங்கே வராது. சுங்கை தெங்கா நாற்றுப் பண்ணைகளில் மோண்டோ புல் பார்த்து வைத்திருக்கிறேன். மெதுவாகத்தான் பரவும், ஆனால் நிழல் தாங்கும், வெட்டும் வேலை இல்லை. கறிவேப்பிலைக்கும் ரம்பைக்கும் ஓரமாக ஒரு பாத்தி கட்டணும். பழைய ரயில் கட்டை வைக்கலாமே என்று நண்பர் சொன்னார். கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறிய மரத்தைச் சமையலுக்குப் பறிக்கும் செடிக்குப் பக்கத்தில் நான் வைக்க மாட்டேன். செங்கால் (chengal) என்ற கடின மரப் பலகை விலை கேட்டிருக்கிறேன். முல்லைக்கு ஒரு பந்தலும் அதே மரத்தில் போட எண்ணம்.

கேட் பக்கம் கடைசி இரண்டு வரிசை இன்னும் பாக்கி. அங்கே சாக்கடைக் குழியின் மூடி இருக்கிறது. அதைக் கல்லால் மூடிவிடக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் திறக்க முடியணும். கல்லை உள்ளே பதித்துக்கொள்கிற தட்டு மூடி ஒன்றை ஆர்டர் செய்திருக்கிறேன். அதன் விளிம்பும் இதே 1.5 சென்டிமீட்டர் வாட்டத்தில் உட்காரணும், அதனால் மூடி கைக்கு வந்து அளந்து பார்க்கும்வரை அந்தப் பக்கம் ஒரு கல்லும் வெட்டப் போவதில்லை.