மணியின் நெஞ்சில் மறுபடி இறகு முளைத்த கதை

மாமா கனடாவில் இருக்கும் மகளோடு நிரந்தரமாகப் போய் இருக்க முடிவெடுத்தபோது வீடு, வளவு, பழைய சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வழி பார்த்துவிட்டார். மணிக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. மணி ஒரு ஆபிரிக்கச் சாம்பல் கிளி. கூண்டோடு விமானத்தில் கொண்டுபோகலாம் என்றுதான் மாமா நினைத்திருந்தார். விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையில், ஆகக் கடுமையான முதலாம் பட்டியலில் இந்த இனம் இருக்கிறது. காட்டில் பிடித்துப் பிடித்து விற்றதில் கானாவில் மட்டும் 1992க்குப் பிறகு 90 வீதத்துக்கும் மேல் இல்லாமல் போய்விட்டன. அதனால் 2016இல் ஜொகன்னஸ்பேர்க்கில் கூடிய மாநாடு அதை அந்தப் பட்டியலில் சேர்த்தது. 2017 ஜனவரியிலிருந்து நடைமுறை. வீட்டில் வளர்த்த பறவையாக இருந்தாலும் நாடு விட்டு நாடு கொண்டுபோக இரண்டு பக்கத்து அனுமதியும் வேண்டும். எழுபதைத் தாண்டிய மனிதர் எத்தனை கந்தோருக்கு அலைவது?

"பிள்ளை, உன்னை விட்டா வேற ஆரிட்டை நான் இவனைக் குடுக்கிறது?" என்று கேட்டார். அப்படித்தான் மணி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

வந்த கோலத்தைப் பார்த்து அம்மா அழுதுவிட்டா. நெஞ்சிலும் தொடைகளிலும் ஒரு இறகு இல்லை. வெறும் தோல், அதில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். மாமி செத்துப்போன பிறகு தொடங்கியது, மாமா பெட்டி கட்டத் தொடங்கியதும் மோசமாகியிருந்தது. கம்பில் இருக்கும்போது கால் இலேசாக நடுங்கும். இரண்டொரு தடவை கம்பிலிருந்து வழுக்கி விழவும் செய்தான்.

இங்கே மிருக வைத்தியர்களிடம் மாடு, ஆடு, நாய்தான் அதிகம் வரும். ஆனால் நாங்கள் போய்ப் பார்த்தவர் பொறுமையாகப் பார்த்தார். "தங்கச்சி, முதல்ல தலையைப் பாருங்கோ. தலையில ஒரு இறகும் குறையேல்லை. சொண்டு எட்டாத இடம் மட்டும் நல்லா இருக்கெண்டால், தன்ரை சொண்டாலைதான் பிடுங்குது. தலையிலயும் கொட்டியிருந்தா வைரஸ் வருத்தமோ எண்டு நான் முதல்ல பயந்திருப்பன்" என்றார். பிடுங்குவதற்குப் பின்னால் உடம்பு வருத்தம் எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் மனக்கவலை என்று முடிவு கட்டக்கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். கால் நடுக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. இரத்தம் எடுத்துப் பார்க்கக் கொழும்பில் பறவை பார்க்கும் ஒரு வைத்தியரிடம் அனுப்பினார்.

ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கூண்டை ஒரு மெல்லிய பருத்தித் துணியால் மூடி, வெயில் ஏறுமுன் போய்ச் சேர இரவிலேயே வான் வண்டியில் கிளம்பினோம். இரத்தத்தில் கல்சியம் குறைவு. இந்த இனத்துக்கு அது அடிக்கடி வரும் குறைபாடு, முற்றினால் வலிப்பே வரும் என்றார் அந்த வைத்தியர். தொற்று எதுவும் இல்லை. மாமா பாசத்தோடு கொடுத்து வந்தது சூரியகாந்தி விதை, தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட், சோறு. விதையில் கொழுப்பு அதிகம், கல்சியமும் விற்றமின் ஏயும் மிகக் குறைவு. மருந்தை அவர் எழுதித் தந்தார். மிச்சம் எங்கள் கையில் இருந்தது.

சாப்பாட்டை மாற்றியதுதான் எல்லாவற்றிலும் நீண்ட வேலை. விதையை ஒரேயடியாக நிறுத்தினால் இந்தப் பறவை புதுச் சாப்பாட்டைச் சாப்பாடு என்றே எடுக்காமல் பட்டினி கிடக்கும். ஆகவே கறி நிறுக்கிற மின்தராசின் மேல் ஒரு சின்னக் கம்பை வைத்துக் கட்டி, ஒவ்வொரு காலையும் சாப்பிட முன் அவனை அதில் ஏற்றினேன். தொடக்கத்தில் 410 கிராம் இருந்தான். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே அழைக்கச் சொல்லியிருந்தார் வைத்தியர். கிளி தன் வருத்தத்தை மறைக்கும், தராசுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பறவை வைத்திருக்கும் ஆருக்கும் நான் முதலில் வாங்கச் சொல்வது கூண்டு இல்லை, தராசு.

காலையில் புதுச் சாப்பாடு, பின்னேரம் கொஞ்சம் விதை. அந்த விதையைக் கிழமைக்குக் கிழமை குறைத்தோம். திருநெல்வேலிச் சந்தை பக்கத்தில் இருப்பது பெரிய வசதி: முருங்கையிலை, கரட், மஞ்சள் பூசணி, அவித்த வத்தாளங்கிழங்கு, பப்பாசி, முளைவிட்ட பயறு. முதலில் எல்லாவற்றையும் எடுத்து எடுத்துக் கீழே போட்டான். அவன் முதன்முதலில் முழுதாகச் சாப்பிட்டது ஒரு பழுத்த மிளகாய். காலால் பிடித்து, நடுவில் பிளந்து, விதைகளை ஒன்றொன்றாக நாக்கால் தள்ளித் தின்றான். அம்மா தண்ணீர்க் கோப்பையோடு ஓடி வந்தா. தேவையே இல்லை. மிளகாயின் உறைப்பைப் பறவைகள் உணராது. அதில் விற்றமின் ஏ சத்தும் கிடைக்கிறது. அந்த மிளகாய்க்குள் பூசணித் துண்டை ஒளித்து வைத்துத்தான் பூசணியைப் பழக்கினேன். பட்டர்புரூட்டும் சொக்லேட்டும் அவனுக்கு நஞ்சு. உப்பு, தேத்தண்ணி, பூஞ்சணம் பிடித்த கச்சான் இவையும் அவன் பக்கமே போகாது.

கல்சியத்துக்குக் கணவாய் ஓடு. கடைகளில் பக்கெற்றில் விற்கிறார்கள். ஆனால் குருநகரில் மீன் வாங்கும்போது கேட்டால் சும்மாவே தருவார்கள். பல தண்ணீரில் ஊறவைத்து உப்புப் போக்கி, வெயிலில் நன்றாகக் காயவிட்டுக் கூண்டில் கட்டிவிட்டேன். கல்சியம் உடம்பில் சேர விற்றமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும், அதுவும் கண்ணாடி யன்னல் வழியாக வரும் வெயில் உதவாது. தேவையான புற ஊதாக் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை வெயிலில் விறாந்தையில் கூண்டை வைத்து, பாதியில் நிழல் விழும்படி பார்த்து, நானும் பக்கத்தில் இருந்து பேப்பர் படிப்பேன். காகமும் பூனையும் இருக்கிற ஊரில் தனியே விட முடியாது.

கூண்டைப் பற்றி ஒன்று மட்டும். வெல்டிங் கடையில் சொன்னால் கல்வனைஸ் வலையில் மலிவாகச் செய்து தருவார்கள். அந்தப் பூச்சில் இருப்பது துத்தநாகம். கம்பியைக் கடிக்கிற கிளிக்கு அது நஞ்சாகும். காசு கூடினாலும் எவர்சில்வர்க் கம்பியில்தான் செய்வித்தேன். உள்ளே கொய்யாக் கொம்பும் வேப்பங்கொம்பும், ஒவ்வொன்றும் வேறு வேறு தடிப்பில்.

கால் நடுக்கம் நின்றது. ஆனால் பிடுங்குவது நிற்கவில்லை. அங்கேதான் இந்தப் பறவையின் குணம் எனக்கு விளங்கத் தொடங்கியது. காட்டில் கூட்டத்தோடு விடியற்காலை பறந்து, எண்ணெய்ப் பனையின் பழத்தைத் தேடி, கோதுடைத்து, நாள் முழுக்க வேலை செய்து வாழ்கிற உயிர். கூண்டில் கிண்ணம் நிறையச் சாப்பாடு வைத்தால் அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். மிச்சப் பகல் முழுக்கச் சொண்டுக்கு எட்டுகிற ஒரே பொருள் அதன் இறகுதான்.

அம்மாவுக்குப் பெட்டி இழைக்கத் தெரியும். பனங்கட்டி வைக்கிற குட்டான் மாதிரிச் சின்னச் சின்னக் குட்டான்களைச் சாயம் போடாத பனையோலையில் இழைத்துத் தந்தா. உள்ளே ஒரு முந்திரிப்பருப்போ கொஞ்சம் குரக்கனோ வைத்து மூடிக் கட்டிவிடுவோம். முதலில் அவன் பயந்துபோய்க் கூண்டின் மூலையில் ஒதுங்கினான். சாம்பல் கிளிக்குப் புதுப் பொருள் என்றாலே பயம். கூண்டுக்கு வெளியே மேசையில் வைத்து, நாங்களே அவன் முன்னால் பிரித்துத் தின்று காட்டி, நாளுக்கு நாள் கிட்டக் கொண்டுபோனோம். பிறகு ஒரு நாள் சொண்டின் நுனியால் ஓலையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். "சர்ர்" என்று கிழிந்தது. நின்றான், தலையைச் சரித்துப் பார்த்தான், இன்னொரு தடவை இழுத்தான். இப்போது அம்மா பின்னேரம் முழுக்க இழைப்பதை அவன் காலையில் கிழித்துத் தீர்த்துவிடுகிறான். "ஓலை வேண்ட ஆளனுப்பு" என்று அம்மா என்னை விரட்டுவா. கூண்டின் அடியில் ஓலைச் சுருள்தான் கிடக்கும். இறகு வரவரக் குறைந்தது.

கையில் ஏற்றுவதற்கு அவசரப்படவில்லை. ஒரு ஈர்க்கின் நுனியை நீட்டுவேன். அதைச் சொண்டால் தொட்டால் ஒரு சூரியகாந்தி விதை. கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்ட விதை இப்படித்தான் சம்பளமாக மாறியது. ஈர்க்கு எங்கே போகிறதோ அங்கே வருவான், கடைசியில் என் முழங்கைக்கும் வந்தான். ஆனால் அவன் "வேண்டாம்" என்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். உடம்பைப் பின்னால் சாய்த்தால், கழுத்திறகு சிலிர்த்து நின்றால், கண்ணின் கருமணி சுருங்கி விரிந்து விளையாடினால் நான் கையை எடுத்துவிடுவேன். கண் அப்படி விளையாடுவது சந்தோஷத்திலும் வரும், கோபத்திலும் வரும். இறகையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். இரவில் ஒற்றைக்காலில் நின்று சொண்டை மெல்ல அரைக்கிறான் என்றால் நிம்மதியாக இருக்கிறான். தடவுவது தலையையும் கழுத்தையும் மட்டும். முதுகைத் தடவினால் அது சோடிப் பறவையின் அழைப்பாகிவிடும், அதனாலும் இறகு பிடுங்குவது கூடலாம் என்று கொழும்பு வைத்தியர் சொல்லியிருந்தார்.

புகைதான் வீட்டில் பெரிய பேச்சாக இருந்தது. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும், காற்றுப் பைகள் வேறு உண்டு. அதனால் நஞ்சு எங்களைவிட வேகமாக உள்ளே போகும். நொன்ஸ்டிக் சட்டி அதிகம் சூடேறி வருகிற ஆவியே கொன்றுவிடும். அந்தச் சட்டிகளை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். நுளம்புத்திரியை நிறுத்தி நுளம்புவலை கட்டினோம். ஆனால் அம்மாவின் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி? "உன்ரை அப்பா இருக்கேக்கையே தொடங்கினது பிள்ளை" என்றா. நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெள்ளி அவவே சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் துளசி மாடத்துக்குப் போனா. சாமியறைக்கு இப்போது விளக்கும் பூவும் மட்டும்.

நித்திரையும் அப்படித்தான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் இருட்டும் அமைதியும் வேண்டும். ரிவி இருக்கிற அறையில் அது நடக்காது. பின் அறைக்கு மாற்றினோம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் இரவிலும் வரும், அப்போது யன்னலைச் சாத்தி மின்விசிறியைப் போட்டுவிடுவேன். வாடைக் காற்று வீசும் மாதங்களில் அந்த யன்னல் எப்படியும் பூட்டித்தான் இருக்கும்.

இனி, கத்தல். நான் அறையை விட்டு வெளியே போனால் காது கிழியக் கத்துவான். இடையிடையே, மாமியின் குரலில், "இஞ்சாருங்கோ" என்பான். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாமி மாமாவைக் கூப்பிட்ட அதே இழுப்பு. அது வெறும் திருப்பிச் சொல்லல் இல்லை என்று பிறகு புரிந்தது. கூட்டமாக வாழ்கிற பறவை, கண்ணுக்கு மறைந்தவரைக் கூப்பிட்டு "இருக்கிறாயா?" என்று கேட்கும். பதில் வந்தால் அடங்கும். அந்த வீட்டில் ஆள் வேறு அறையில் இருந்தால் கூப்பிடுகிற சத்தம் "இஞ்சாருங்கோ" தான். ஆகவே கத்தலுக்குப் போகாமல், "இஞ்சாருங்கோ" வந்தால் உடனே "வாறன்" என்று பதில் கொடுக்கத் தொடங்கினோம், அம்மா, மகன், நான் மூவருமே. கத்தல் மெல்ல மெல்லக் குறைந்துபோனது.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது "என்ன கதைக்கும்?" என்றுதான். கதைப்பான். பாண் வண்டியின் பாட்டையும் குக்கர் விசிலையும் தானாகவே பிடித்துக்கொண்டான். சொல்லின் பொருளோடு பழக்க ஆசைப்பட்டால், ஐரீன் பெப்பர்பேர்க் என்ற ஆய்வாளர் 1977இல் சிக்காகோவில் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளிக்குச் செய்ததைத்தான் செய்ய வேண்டும். பறவைக்கு முன்னால் இரண்டு பேர் ஒரு பொருளைக் காட்டி, பெயரைக் கேட்டு, சரியாகச் சொன்னவருக்கு அந்தப் பொருளையே கொடுப்பது. 2007இல் சாகுமுன் அலெக்ஸ் நிறம், வடிவம், ஆறு வரை எண்ணிக்கை எல்லாம் சொல்லும். நானும் மகனும் கச்சானை வைத்து அப்படிச் செய்தோம். இப்போது கச்சான் வேண்டுமென்றால் மட்டும் "கச்சான்" என்கிறான், வேறு எதைக் கொடுத்தாலும் எறிந்துவிடுவான்.

நெஞ்சு மூடிவிட்டது. முதலில் வெள்ளைப் பஞ்சு மாதிரி, பிறகு குருத்திறகு, பிறகு சாம்பல் செதில் செதிலாக. தொடையின் உட்பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. பலகாலம் பிடுங்கிய இடத்தில் வேர் கெட்டிருந்தால் இனி முளைக்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அது எனக்குப் பரவாயில்லை. எடை 455 கிராமில் நிற்கிறது. மாமா வட்ஸ்அப்பில் வரும்போது திரையில் அந்த நெஞ்சைத்தான் முதலில் காட்டச் சொல்வார்.

இந்தக் கிளியை வாங்க யோசிப்பவர்கள் காலில் மூடிய வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அது குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான் காலில் ஏறும், அதனால் காட்டில் பிடிக்காமல் கூண்டில் பிறந்து வளர்ந்த பறவை என்பதற்கு ஒரு சாட்சி. கடதாசிகளையும் கேட்டு வாங்குங்கள். கடதாசி இல்லை என்றால் காட்டிலிருந்து வந்திருக்கலாம், வாங்காதீர்கள். அதோடு வயசையும் கணக்குப் போடுங்கள். நன்றாகப் பார்த்தால் நாற்பது, ஐம்பது வருஷம் இருக்கும். மணிக்கு இப்போது பதினாலு. எனக்குப் பிறகு ஆர் என்பது இப்போதே பேசி முடித்த விஷயம். என் தங்கச்சியின் மகள், எனக்குப் பெறாமகள், கோப்பாயில் இருக்கிறாள். சனி ஞாயிறுகளில் வந்து ஈர்க்கும் கையுமாக அவனோடு இருப்பாள், இப்போது அவள் தோளிலும் ஏறுகிறான். வளைய இலக்கம், கடதாசிகள், எடைக் கொப்பி, சாப்பாட்டு அட்டவணை எல்லாம் ஒரு கோப்பில் போட்டு அவளிடம் கொடுத்திருக்கிறேன். வருகிற பாடசாலை விடுமுறைக்கு நானும் அம்மாவும் திருகோணமலைக்குப் போகிறோம், அவள் எங்கள் வீட்டில் வந்து தங்கித் தனியாக மணியைப் பார்க்கப் போகிறாள். தராசு எங்கே இருக்கிறது, எத்தனை கிராமுக்குக் கீழே போனால் எந்த வைத்தியரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அவளுக்கு இப்போதே மனப்பாடம்.