ஊதாக் கண்ணாடி

போன மாதம் அப்பா சியாட்டில் வந்திருந்தார். பயனியர் சதுக்கத்தில் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று, செருப்பு நுனியால் நடைபாதையைத் தட்டினார். "இது என்னடா, ஊதா கலர்ல?"

தரையில் பதித்த சின்னச் சின்னக் கண்ணாடிக் கட்டங்கள். பத்து வருஷமாக மிதித்துப் போகிறேன். ஏதோ அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். சரி, பார்த்துவிடலாம் என்று, நடைபாதைக்கு அடியில் இருக்கும் பழைய தெருமட்டத்தைச் சுற்றிக்காட்டும் டூருக்கு டிக்கெட் வாங்கிக் கீழே இறங்கினோம்.

1889 ஜூன் 6 அன்று பிடித்த தீயில் நகரின் மையப்பகுதியே போய்விட்டது. கடல் ஏறினால் கழிவுநீர் குழாய் வழியே திரும்பி வரும் ஊர் அது. மறுபடி கட்டும்போது தெருக்களை ஒரு மாடி உயரத்துக்கு, சில இடங்களில் அதற்கும் மேலே, உயர்த்தினார்கள். கடைக்காரர்கள் அதுவரை காத்திருப்பார்களா? பழைய மட்டத்திலேயே கட்டிவிட்டார்கள். கொஞ்ச காலம் தெரு மேலே, நடைபாதை கீழே. ஏணி வைத்து ஏறி இறங்கியிருக்கிறார்கள். அப்புறம் நடைபாதையையும் மேலே போட்டு மூடியதும், கடைகளின் தரைத்தளம் பாதாள அறையாகிவிட்டது. அங்கே வெளிச்சம் இறங்கத்தான் இந்தக் கண்ணாடி.

"நம்ம வீட்டுக் கதைதான்" என்றார் அப்பா. மாம்பலம் வீட்டுக்குள் மூன்று படி ஏறிப் போவோம். ரோடு மேல் ரோடாகப் போட்டு, இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம்.

கண்ணாடி முதலில் நிறமில்லாமல்தான் இருந்ததாம். பச்சை தட்டாமலிருக்கச் சேர்த்த மாங்கனீசு, வருஷக்கணக்கான வெயிலில் ஊதாவாகியிருக்கிறது. 1907இல் பிளேக் பயத்தில் கீழ்த்தளத்தை மூடிய பிறகும், மேலே வெயில் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

ஓரிடத்தில் தலைக்கு மேல் மங்கலான ஊதா வெளிச்சம். மேலே யாரோ நடக்க, நிழல் கட்டம் கட்டமாக நகர்ந்தது. பத்தடி தள்ளி ஒரே இருட்டு, ஒற்றை பல்பு. அங்கே கண்ணாடி இருந்த இடத்தைச் சிமென்ட் பூசி அடைத்திருந்தார்கள். உடைந்த கண்ணாடியில் யாராவது இடறி விழுந்தால் கேஸ் ஆகும் என்ற பயம் புரிகிறது. சிமென்ட் செலவும் குறைவு. ஆனாலும் பூசச் சொன்னவர் ஒருமுறை கீழே வந்து நின்று பார்த்திருப்பாரா என்று தோன்றியது.

மேலே வந்ததும் அப்பா, கண்ணாடியில் ஒட்டியிருந்த ஈர இலைகளைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"கீழ அடுத்த பேட்ச் போயிருக்கும்ல."